முதலிடத்தில் இருந்த கேசட்

1991-ல் நான் எழுதிய பட்டியலை என்னைத் தவிர முதன்முதலில் முழுசாகப் படித்தவர் ஒரு இன்ஸ்பெக்டர். ஒரு வரிகூட விடாமல், வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மேஜைக்கு இந்தப் பக்கம் அப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். ஜூன் மாதத்து வெயில். மின்விசிறி சுற்றியும் எனக்கு முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அது என்ன பட்டியல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஹைரோட்டை ஒட்டிய ஒரு சின்னக் கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பிச் சுருள், 'காயில்', சுற்றும் வேலை எனக்கு. தலைமுடி மாதிரி இருக்கும் செம்புக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்றவேண்டும். எங்கள் ஊரான வடக்குப்பட்டிலிருந்து ஒரகடம் கூட்ரோடு வரைக்கும் நடந்து, அங்கே பஸ் பிடித்துப் போவேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் கழித்து, நானே சேர்த்து வாங்கிய முதல் பொருள் ஒரு டூ-இன்-ஒன். ரேடியோவும் டேப்பும் சேர்ந்தது. அன்றைக்கு அப்பா என்னோடு பேசவில்லை. மறுநாள் அம்மாவிடம் சொல்வது மாதிரி எனக்குச் சொன்னார்: "பொண்ணுன்னா தோடு வாங்கும், பொடவ வாங்கும். இது பாட்டுப் பொட்டி வாங்கிக்கினு வந்துகீது."

எனக்குப் பாட்டு என்றால் பைத்தியம். பாடத் தெரியாது. கேட்கத் தெரியும். ஒரு கேசட்டை வாங்கினாலோ இரவல் வாங்கினாலோ குறைந்தது பத்துத் தடவை கேட்பேன். பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். எந்தப் பக்கம், எந்த இடம் என்று டேப்பில் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பார்த்துக் குறிப்பேன். அந்த இடத்தில் எனக்கு என்ன ஆனது என்று ஒரு சொல். "ஏ-87 குளிர்." "பி-140 வயலின் அழுவுது." வருஷம் முழுக்கப் பென்சிலில் எழுதி, அழித்து, மேலே கீழே மாற்றி, டிசம்பரில் பேனாவால் பத்து கேசட்டை முடிவு செய்வேன். அந்த வருஷம் வெளிவந்ததாக இருக்கவேண்டியதில்லை. நான் அந்த வருஷம் முதல்முறை கேட்டதாக இருக்கவேண்டும். அது ஒன்றுதான் விதி.

அந்த வருஷம் ஏப்ரலிலேயே பட்டியலில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது. ஒரே வாரம் ஓடி மறைந்த ஒரு படத்தின் பாட்டு கேசட் இருந்தது. படத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனால் மூன்றாவது பாட்டில் குழல் நுழையும் இடத்துக்காக நான் பேட்டரி தீரும் வரைக்கும் திருப்பித் திருப்பிப் போட்டேன். வாலாஜாபாத் பக்கத்துச் சர்ச்சில் பெண்கள் குழு பாடிப் பதிவு செய்த கேசட் ஒன்று. ஆர்மோனியம் அரைச் சுரம் பிசகியிருக்கும், அந்தப் பிசகுதான் பிடித்தது. ஒரு வார்த்தை புரியாத இந்திக் கேசட் ஒன்று. பிறகு, ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் பதிந்த நாகஸ்வரக் கேசட். அதில் நாகஸ்வரம் நிற்க, தவில் தனியாக வாசிக்கும். விரல் நுனியால் தட்டுகிற மாதிரி மெதுவாகப் போய்க்கொண்டே இருந்து திடீரென்று இரண்டு தவிலும் சேர்ந்து இடி இறங்கும். அந்த இடத்துக்கு நான் எழுதியிருந்தது: "பி-214 வெடி."

முதலிடத்தில் இருந்தது கடையில் கிடைக்காத கேசட். அது அக்காவுடையது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. காயில் சுற்றும் மேஜையில் எனக்கு அடுத்த இடத்தில் உட்காருபவள். முப்பத்தைந்து வயது இருக்கும். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. கல்யாணமாகிப் புருஷனோடு இங்கே வந்துவிட்டாள். தங்கையும் தம்பியும் அங்கேயே தங்கிவிட்டார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'சிலோன்காரி'. பேச்சில் சில சொற்கள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். மற்றபடி எங்களைப் போலத்தான் சாப்பாட்டு டப்பாவில் புளிச்சோறு கொண்டுவருவாள்.

பிப்ரவரியில் அங்கிருந்து வந்த ஒருவர் கையில் தங்கை ஒரு கேசட் கொடுத்தனுப்பியிருந்தாள். அக்கா வீட்டில் டேப் இல்லை.

"புள்ள, ஒரு தடவ போட்டுக் காட்டுறியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஏ பக்கம் முழுக்க ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டுகள். பாட்டுக்கு நடுவே தகரக்கூரையில் மழை பெய்யும், நாய் குரைக்கும், யாரோ தட்டைக் கீழே போடுவார்கள். பி பக்கம் தங்கை பேசியிருந்தாள். கடிதத்துக்குப் பதிலாகக் குரல். எழுதத் தெரியாதவர்கள் அப்போது அப்படித்தான் அனுப்புவார்கள். கன்றுக்குட்டி செத்தது, பக்கத்து லயத்து வரிசை வீட்டில் கல்யாணம் என்று பேசிக்கொண்டே வந்து, "சின்னவன் எங்க இருக்கான்னே தெரியலக்கா, மூணு மாசமா சேதி இல்ல, ஆளுக்கொண்ணு சொல்லுறாங்க" என்றாள். சின்னவன் என்பது தம்பி. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் டேப்பில் மழை மட்டும். பிறகு ஒரு செருமல். தங்கை பாட ஆரம்பித்தாள். கொழுந்து பறிக்கும்போது அவர்களாகவே கட்டிய பாட்டாம். துணைக்கு எந்த வாத்தியமும் இல்லை. குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் பாடுகிற மாதிரிப் பாடினாள்.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவள் கிளம்பும்போது சொன்னேன், "அக்கா, இது எங்கிட்ட கொஞ்ச நாளு இருக்கட்டுமா?" அவளும் டேப் இல்லாத வீட்டில் வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கொடுத்துவிட்டுப் போனாள். நோட்டில் ஒன்றாம் எண்ணில் இருந்ததை அழித்துவிட்டு எழுதினேன்: "அக்கா கேசட். பி-310 முதல். தங்கச்சி. வேற எதுவும் வேணாம்."

மே மாதம் எங்கள் பக்கம் நடந்தது நாட்டுக்கே தெரியும். தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதுவரைக்கும் ஸ்ரீபெரும்புதூர் என்றால் கோயிலைச் சொல்வார்கள். அதன் பிறகு ஊர்ப்பெயரைச் சொன்னாலே எதிரில் இருப்பவர் முகம் மாறியது. பேப்பரில் கண்ணாடி போட்ட, சுடிதார் போட்ட ஒரு பெண்ணின் படம் வந்தது. நானும் கண்ணாடி போட்டிருந்தேன். எனக்கிருந்த ஒரே சுடிதாரை அம்மா மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். கூட்ரோட்டில், ஹைரோட்டில், பஸ் ஸ்டாண்டில் சோதனை. பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டவேண்டும். எங்கள் கைகளில் செம்புக் கம்பி கீறிய கோடுகளைப் பார்த்து ஒவ்வொரு முறையும் "என்ன வேலை?" என்பார்கள்.

அக்கா பஸ்ஸில் பேசுவதை நிறுத்திவிட்டாள். கண்டக்டரிடம் ஊர் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள். நான்தான் அவளுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்பேன். மேஜையில் உட்கார்ந்தால் கம்பி மேலேயே கண். ஒரு நாள் குழாயடியில் கை கழுவும்போது, தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே சொன்னாள்:

"அந்த கேசட்ட அழிச்சிரு புள்ள."

"எதுக்கு? அதுல இன்னா கீது?"

"சின்னவனப் பத்தி இருக்கு. எங்க இருக்கான்னு தெரியலன்னு என் தங்கச்சி சொல்லுறா. இன்னிக்கு இருக்குற நெலமைல அத ஒருத்தன் கேட்டா என்னா நெனைப்பான்? என் புருஷன் ராத்திரி தூங்குறதே இல்ல. அழிச்சிரு."

"சரிக்கா."

நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டாள். "அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன்," என்றேன்.

அழிக்கவில்லை. இரண்டு முறை கேசட்டைப் போட்டு, ரெக்கார்ட் பட்டனில் விரல் வைத்தேன். இரண்டு முறையும் எடுத்துவிட்டேன். அந்தப் பாட்டு உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அது என்னுடைய பாட்டு இல்லை. அதில் இருந்தது என் தம்பியும் இல்லை. அந்த யோசனை எனக்கு அப்போது வரவே இல்லை. என் பட்டியலின் முதலிடம் காலியாகிவிடும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. கேசட்டை எடுத்து, துணிக்கு நடுவில் வைத்தேன்.

ஜூன் நடுவில் ஒரு மாலை ஷிப்ட் முடிந்து வரும்போது கூட்ரோட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அக்கா அன்றைக்கு ஓவர்டைம் என்று கம்பெனியிலேயே நின்றுவிட்டாள். நான் வழக்கம்போல டப்பாவைத் திறந்து காட்டினேன். பெண் போலீஸ் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், பையில் கையை விட்டு நோட்டை எடுத்தாள். பிரித்தாள். பக்கம் பக்கமாக எண்கள். ஏ, பி. இரண்டு பக்கம் தாண்டி அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"சார்," என்று கூப்பிட்டாள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னை விட்டு நகர்ந்து நின்றது நினைவிருக்கிறது. தினமும் என்னோடு வரும் பெண்களும்தான்.

பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். "பாட்டு சார், பாட்டு நோட்டு" என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டார்களா தெரியவில்லை. நோட்டை வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விசாரணை அறைக்கு அப்பாவோடு வரவேண்டும், நோட்டில் இருக்கிற எல்லா கேசட்டும் டேப்பும் கொண்டுவரவேண்டும் என்றார்கள். ஒரு போலீஸ்காரர் வீடு வரைக்கும் வந்து, வீட்டைப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்தே திரும்பிப் போனார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றை எடுத்ததும் என் கை நின்றதைப் பார்த்துவிட்டார்.

"அதுல இன்னா கீது?"

சொன்னேன். அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கெணத்துல போடு."

"நோட்டுல எழுதிட்டேம்பா. மொதல்லயே எழுதிட்டேன். எல்லாத்தையும் எடுத்துனு வரச் சொல்லிட்டாங்க. இது ஒண்ணு இல்லன்னா எங்கன்னு கேப்பாங்க."

"அழிச்சிடு அப்ப."

"அழிச்சா அங்க ஒண்ணும் இருக்காது. ஏன் அழிச்சன்னு கேப்பாங்க."

அப்பா உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பொண்ணு சொன்னப்பவே அழிச்சிருந்தா நோட்டுலயும் அடிச்சிருப்ப. இல்ல?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இன்ஸ்பெக்டர் வயதானவர். தெற்கத்திப் பேச்சு. மேஜையில் என் டேப்பையும் பன்னிரண்டு கேசட்டையும் வரிசையாக வைத்திருந்தார்கள். பஸ்ஸில் என்னைப் பிடித்த பெண் போலீஸ் சுவரோரம் நின்றாள். அவர் நோட்டை முழுசாகப் படித்து முடித்துவிட்டு என் பக்கம் திருப்பி, ஒரு இடத்தில் விரல் வைத்தார்.

"இது என்னம்மா?"

பி-214 வெடி.

"தவில் சார். தவில் அந்த எடத்துல வெடிக்கிற மாதிரி வரும்."

"எப்ப எழுதினே?"

"மார்ச் மாசம் சார்."

"மார்ச்லயே எழுதிட்டியா?" அவர் குரலில் எதுவும் இல்லை. அந்த கேசட்டை அவரே எடுத்துப் போட்டார். எண் 214 வரும் வரைக்கும் ஓட்டினார். பட்டனை அழுத்தினார்.

நாகஸ்வரம் நீலாம்பரி ராகம் மாதிரி ஏதோ ஒன்றைத் தாலாட்டிக்கொண்டிருந்தது. தவிலே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் டேப்புக்குள் எட்டிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. கேசட் பாதியில் நின்றிருந்தது; அவர் அங்கிருந்தே ஓட்டியிருக்கிறார்.

"சார், மொதல்ல ஆரம்பத்துக்குத் திருப்பணும். அப்பறம் நம்பர ஜீரோ பண்ணணும். நான் பண்ணட்டுமா சார்?"

"கை வைக்காதே. சொல்லு, நான் பண்றேன்."

திருப்பினார். டேப் 'கிர்' என்று ஓடி முடிய எத்தனை நேரமானது என்று தெரியவில்லை. ஜீரோவுக்குக் கொண்டுவந்தார். மறுபடி ஓட்டினார். 205-ல் நிறுத்திவிட்டு அழுத்தினார். தவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. 209. 211. எண் இவ்வளவு மெதுவாக நகரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 213. ஒருவேளை என் குறிப்பு தப்பாக இருந்தால்? பெண் போலீஸ் ஒரு அடி முன்னால் வந்தாள். 214-ல் இரண்டு தவிலும் ஒன்றாக இடித்தது. வாசலில் காவலுக்கு நின்றிருந்த போலீஸ்காரர் துப்பாக்கியோடு உள்ளே ஓடிவந்தார்.

"ஒண்ணுமில்ல, போ," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அப்பா முதன்முறையாக மூச்சு விட்டார். நானும் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அவர் அதோடு விடவில்லை. ஒவ்வொரு கேசட்டாகப் போட்டு, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். குளிர் என்றால் என்ன, அழுவுது என்றால் யார் அழுவது என்று கேட்டார். நான் சொன்னேன். சர்ச் கேசட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிட்டார். அப்படியே வந்து பதினோரு மணிக்கு ஒன்றாம் எண்ணுக்கு வந்தார்.

"வேற எதுவும் வேணாம்னா?"

"இது போதும், வேற பாட்டே வேணாம்னு தோணிச்சு சார்."

"யார் பாடினது?"

"ரேடியோல புடிச்சது சார்." எனக்கே என் குரல் பொய் என்று கேட்டது.

அவர் 310-க்குப் போகவில்லை. பி பக்கத்தை ஆரம்பத்திலிருந்து போட்டார்.

"அக்கா, நாங்க எல்லாரும் சுகம்..." என்று தங்கை பேச ஆரம்பித்தாள்.

கன்றுக்குட்டி செத்தது. கல்யாணம் நடந்தது. "சின்னவன் எங்க இருக்கான்னே தெரியலக்கா." அவர் நிறுத்தினார். திருப்பினார். மறுபடி போட்டார். மூன்று முறை அந்த வாக்கியத்தை மட்டும் போட்டார்.

"யாரும்மா இந்த அக்கா?"

அவர் கத்தவில்லை, மேஜையைத் தட்டவில்லை. காத்திருந்தார். அவ்வளவுதான் செய்தார். அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றிருந்தார். அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன். அக்காவின் பெயரையும் நாங்கள் வேலை செய்யும் கம்பெனியையும் சொன்னேன்.

ஜீப் போனது. பன்னிரண்டரைக்கு அவளைக் கூட்டிவந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும் ஏற்றியிருக்கிறார்கள். கையில் டப்பா அப்படியே மூடியிருந்தது. உள்ளே வந்தவள் முதலில் என்னைத்தான் பார்த்தாள். எனக்காகத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், சாட்சி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாலேயே 'பயப்படாதே' என்றாள். அப்போது இன்ஸ்பெக்டர் பட்டனை அழுத்தினார். தங்கை குரல் வந்தது.

அந்த முகம் மாறியதை நான் எழுத முயற்சி செய்யப்போவதில்லை.

தம்பி எங்கே, என்ன வயது, யாரோடு பழக்கம், கேசட் கொண்டுவந்தது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். "தெரியாதுங்கய்யா." "நான் பாத்து ஒம்பது வருஷம் ஆச்சுங்கய்யா." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவள் புருஷன் கல்குவாரியிலிருந்து புழுதியோடு ஓடிவந்தார். பாஸ்போர்ட், தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு இடத்துக்கு போன் செய்தார். பிறகு பாட்டையும் போட்டார். முழுசாக. அவள் தலை குனிந்து கேட்டாள். முடிந்ததும் அவர், "பாட்டுத்தான்," என்றார், யாரிடமென்று இல்லாமல்.

நான்கு மணிக்கு எல்லோரையும் போகச் சொன்னார். நோட்டும் கேசட்டுகளும் அங்கேயே இருக்கும். அக்காவும் புருஷனும் தினமும் வந்து கையெழுத்துப் போடவேண்டும். டேப்பை மட்டும் என்னிடம் கொடுத்தார்கள்.

வெளியே புளியமரத்தடியில் அக்கா நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"அழிச்சிட்டேன்னு சொன்னியே புள்ள," என்றாள்.

புருஷனோடு நடந்து போய்விட்டாள்.

மறுநாள் அவள் இடம் காலி. அதற்கடுத்த நாளும் காலி. ஒரு வாரம் கழித்து அந்த இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அவங்க வரவேணாம்னு சொல்லிட்டாங்கம்மா. உன் வேலைய பாரு," என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தினமும் அந்தப் புதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றினேன்.

மழைக்காலம் வரைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை போய் கேசட்டுகளைக் கேட்டேன். அந்தப் பெண் போலீஸ்தான் ஒவ்வொரு தடவையும் "இன்னும் வரல" என்பாள். நவம்பரில் ஒரு நாள் என்னைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு பையோடு வந்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு மெல்லக் கேட்டாள், "அந்தப் பாட்டுப் பாடின பொண்ணு நல்லா இருக்காளா?" எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை.

பையில் பன்னிரண்டும் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டேப்பையும் அந்த ஒரு கேசட்டையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். குவாரிக்குப் போகும் பாதையில் ஓலைக் கூரை வீடு. அவள் புருஷன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். அக்கா வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள்.

"கேசட்ட குடுத்துட்டாங்கக்கா."

"முழுசா இருக்கா?"

"கீதுக்கா."

"உள்ள வா," என்றாள். கதவைச் சாத்தினாள். "சத்தத்தக் கொறச்சு வச்சுப் போடு."

பாட்டை மட்டும் போடச் சொன்னாள். தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் கேட்டோம். முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இப்ப அழி. என் கண்ணு முன்னால."

"அக்கா..."

"பேச்ச அழி. பாட்டு கெடக்கட்டும். பாட்டுல யாரு பேரும் இல்ல. முடியுமா?"

முடியும். ஆனால் அழிக்கும்போது உள்ளே இருப்பது காதில் விழாது. ஒரு விநாடி தாமதித்தால் பாட்டின் தொடக்கம் போய்விடும். பாட்டு ஆரம்பிக்கும் எண்ணை மூன்று முறை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆரம்பத்துக்குத் திருப்பினேன். "அழிஞ்சிகினு இருக்கும்போது நாம பேசுறது அதுல ஏறிடும்கா. பேசக்கூடாது," என்றேன். அவள் தலையசைத்தாள். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினேன்.

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் ஓடியது. நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஐந்து மாதமாக அவளிடம் சொல்லவேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அப்போதே சொல்லிவிடவேண்டும் போல இருந்தது. சொல்ல முடியாது. அவளும் என்னைக் கேட்கவேண்டியது எவ்வளவோ இருந்திருக்கும். வெளியே கோழி கத்தியது. தூரத்தில் குவாரி லாரி ஏறியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் எண்ணைப் பார்த்தேன். 290. 300. விரல் வியர்த்து பட்டனில் வழுக்கியது. 305. அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. எதற்குப் பிடித்தாள் என்று தெரியவில்லை. 308-ல் நிறுத்தினேன்.

போட்டுப் பார்த்தோம். கோழிச் சத்தம் வந்து பட்டென்று நின்றது. கொஞ்சம் மழை. பிறகு செருமல். தங்கை பாடினாள்.

"போதும், நிறுத்து," என்றாள் அக்கா. கேசட்டை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

பால் இல்லாத டீ கொடுத்தாள். அப்போது நான் சொன்னேன், அழிக்காததற்கும், பெயரைச் சொன்னதற்கும், இரண்டுக்கும் சேர்த்து. அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பேரச் சொன்னது பரவால்ல. உங்கப்பா நின்னத நானும் பாத்தேன். ஆனா மொதல்ல பொய் சொன்ன பாரு, அது எனக்கு இன்னும் போகல," என்றாள். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

தை பிறந்ததும், இனி கையெழுத்துப் போட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவர்கள் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே அவர்களைப் போலவே திரும்பிவந்த குடும்பங்கள் நிறைய இருந்தன. போகிற அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"சின்னவன் கிட்டருந்து லெட்டர் வந்துருச்சு. கண்டியில ஒரு பேக்கரியில வேலையாம். மாவு பெசயுறானாம். மொதலாளி லெட்டர் போட விடலையாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுதாள். "மாவு பெசஞ்ச பயலுக்காக நான் தெனம் போய்க் கையெழுத்துப் போட்டேன்."

பஸ் கிளம்பியது. மூன்று மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. யாரையோ விட்டு எழுதியிருந்தாள். இங்கே குளிர் அதிகம், வேலை தெரிந்த வேலைதான், டேப் இன்னும் வாங்கவில்லை, உன் அப்பாவைக் கேட்டதாகச் சொல். அவ்வளவுதான். அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதில் போட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கே போட்டேன்.